பழைய வாடகை வீடு: ரிப்பேரை எப்படிப் பேசி முடிப்பது?

வீடு பிடித்துவிட்டது. பிள்ளைகளின் பள்ளி பக்கத்திலேயே இருக்கிறது, வாடகையும் கைக்கு அடங்குகிறது. ஆனால் படுக்கையறை மூலையில் ஓதம் ஏறியிருக்கிறது, குளியலறைக் குழாயில் தண்ணீர் ஒழுங்காக வரவில்லை, மெயின் போர்டில் இன்னும் பீங்கான் பியூஸ் கட்டைதான். தர்மபுரியில் குமாரசாமிப்பேட்டை, கோட்டைப் பக்கம், கிருஷ்ணகிரியில் பழையபேட்டை என்று பழைய தெருக்களில் வீடு தேடுகிற யாருக்கும் இந்த நிலைமை புதிதல்ல. புதிதாக எழும்பிய நகர்களில் வாடகை கூடுதல், ஊருக்கு வெளியே வேறு இருக்கிறது. அதனால் பழைய வீட்டுக்கே மனம் திரும்பத் திரும்பப் போகிறது.

இந்த இடத்தில் நம் முன்னால் நான்கு வழிகள் உண்டு. வீட்டுக்காரரே எல்லாவற்றையும் சரிசெய்து கொடுத்த பிறகு குடிபோவது ஒன்று. நாமே செய்துகொண்டு வாடகையில் கழித்துக்கொள்வது இன்னொன்று. 'வீடு எப்படி இருக்கிறதோ அப்படியே எடுத்துக்கொள்கிறோம், வாடகையைக் குறைத்துக் கொடுங்கள்' என்பது மூன்றாவது. வேண்டாம் என்று கும்பிடு போட்டுவிட்டு வருவது நான்காவது. பெரும்பாலானவர்கள் மூன்றாவதில் போய் விழுகிறார்கள், ஏனென்றால் பேசி முடிக்க அதுதான் சுலபம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கூரை, கரண்ட், தண்ணீர் ஆகிய மூன்றில் எதில் கோளாறு இருந்தாலும் வாடகைக் குறைப்பை வாங்காதீர்கள், வேலையை வாங்குங்கள். அதையும் முழு அட்வான்ஸ் கைமாறுவதற்கு முன்பே வாங்குங்கள். மற்ற சில்லறை வேலைகளுக்கு இரண்டாவது வழி போதும்.

ஏன் என்று சொல்வதற்கு முன்னால் வீட்டைப் பார்ப்பது பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். என்ன கோளாறு என்றே தெரியாமல் பேரம் பேச முடியாது.

பார்க்கும்போது என்ன பார்ப்பது

நம் பக்கத்துப் பழைய வீடுகள் ஒரே ரகம் இல்லை. மங்களூர் ஓடு போட்டது உண்டு. மரச் சட்டங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய மெட்ராஸ் டெரஸ் உண்டு. முப்பது நாற்பது வருடத்துக்கு முன் சிமெண்டில் போட்ட தளம் உண்டு. கிருஷ்ணகிரிப் பக்கம் கருங்கல் சுவர் சாதாரணமாகப் பார்க்கக் கூடியது. ஒவ்வொன்றுக்கும் நோய் வேறு. ஓட்டு வீட்டில் உடைந்த ஓட்டை மாற்றினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மெட்ராஸ் டெரஸில் மரச் சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும், அது கரையான் அரித்தோ உளுத்தோ போயிருந்தால் மற்ற எதையும் பேசிப் பயனில்லை. சிமெண்ட் தளத்தில் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. துருவேறிய கம்பி பருக்கும். பருத்த கம்பி கீழே இருக்கும் காரையைத் தள்ளிவிடும். கம்பி ஓடுகிற திசையிலேயே நீளமாக விரிசல் தெரிந்தால் உள்ளே அந்த வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

கருங்கல் சுவர் பற்றி ஒரு வார்த்தை. கல் தண்ணீரை உறிஞ்சாது, கற்களுக்கு நடுவே இருக்கிற மண்ணும் சுண்ணாம்பும்தான் உறிஞ்சும். அதன் மேல் சிமெண்ட் பூச்சு போட்டு மூடினால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் பூச்சையே உப்ப வைத்துப் பெயர்த்துவிடும். ஆகவே 'சுவரை எல்லாம் சிமெண்டில் பூசிக் கொடுத்துவிடுகிறேன்' என்று வீட்டுக்காரர் தாராளமாகச் சொன்னாலும், கல் வீட்டில் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டாம். சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனாரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

போன ஆனியில் என் தங்கை குடும்பத்துக்காகக் குமாரசாமிப்பேட்டையில் ஒரு வீடு பார்த்தோம். சிமெண்ட் தளம், மேலே தட்டோடு பதித்த மொட்டை மாடி. உள்ளே நுழைந்ததும் புது டிஸ்டெம்பர் வாசனை மூக்கில் ஏறியது. ஹால் முழுவதும் இளம் மஞ்சள். படுக்கையறையில் மட்டும் குளியலறையை ஒட்டிய சுவரில் இடுப்பு உயரத்துக்கு மஞ்சள் கொஞ்சம் அழுத்தமாக இருந்தது. இரண்டு கோட்டிங் அடித்திருக்கிறார்கள். அங்கே காலண்டர் ஒன்று தொங்கியது. காலண்டரைத் தூக்கிப் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாக உப்பு பூத்திருந்தது, விரலால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து அந்தச் சுவரைத் தட்டிக்கொண்டே போனோம். நல்ல இடத்தில் கெட்டியான சத்தம். ஓதம் பிடித்த இடத்தில் உள்ளே காற்று நிற்கிற மாதிரி 'டொப்' என்றது. சத்தம் மாறிய இடங்களையெல்லாம் பென்சிலில் கோடு போட்டு இணைத்தபோது, கதவு அளவுக்கு ஒரு பகுதி சுவரை விட்டு விலகி நிற்பது தெரிந்தது. வெறும் கண்ணுக்கு அது புதிதாக வெள்ளையடித்த சுவர்தான்.

மாடிக்குப் போகாமல் எந்த வீட்டையும் முடிவு செய்யாதீர்கள். மழைத் தண்ணீர் போகும் வாட்டம் சரியாக இருக்கிறதா, தட்டோட்டின் இடைவெளிகளில் செடி முளைத்திருக்கிறதா, டேங்க் வைத்த மேடைக்குக் கீழே ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை நம் இரண்டு மாவட்டத்தையும் புரட்டிப் போட்டது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் கொட்டியது. வீட்டுக்காரரிடமும் பக்கத்து வீட்டிலும் "அந்த மழைக்கு இந்த வீடு எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். "மழைக்கு ஒழுகுமா?" என்று கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள். ஒரு குறிப்பிட்ட மழையைச் சொல்லிக் கேட்டால் எங்கே வாளி வைத்தோம் என்பது வரை சொல்லிவிடுவார்கள்.

கரண்டுக்கு நமக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூடவே அழைத்துப் போவது நல்லது. அவருக்குக் கொடுக்கும் கூலி வீண்போகாது. எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா, ஹீட்டரும் கிரைண்டரும் ஓடும் பிளக்குக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயராவது வந்திருக்கிறதா, அல்லது லைட்டுக்கு இழுத்த மெல்லிய ஒயரிலேயே தொங்கவிட்டிருக்கிறார்களா என்பதை அவர் கால் மணி நேரத்தில் சொல்லிவிடுவார். பழைய வீடுகளில் எர்த் கம்பி சுவரோரம் வந்து மண்ணுக்குள் போகிற மாதிரி இருக்கும், உள்ளே அறுந்திருக்கும். ஈரச் சுவரும் அறுந்த எர்த்தும் ஒரே வீட்டில் இருந்தால் அது ஆளைக் கொல்லும்.

தண்ணீர்க் கதை இங்கே இன்னும் கொஞ்சம் தனி. தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013இல் தொடங்கி வைத்தார்கள். குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். காய்ச்சினால் தண்ணீர் ஆவியாகிப் போகும், ஃப்ளோரைடு அப்படியே தங்கும், இன்னும் அடர்த்தியாகும். ஆகவே 'தண்ணீர் வருமா?' என்ற கேள்வி இங்கே போதாது. ஒகேனக்கல் தண்ணீர் இந்த வீட்டுக்குத் தனி இணைப்பாக வருகிறதா, பொதுக் குழாயா, எத்தனை நாளைக்கு ஒரு முறை, பிடித்து வைக்கச் சம்ப் இருக்கிறதா என்று கேளுங்கள். போர் தண்ணீர் மட்டும்தான் என்றால் சமையலுக்கும் குடிக்கவும் மாதா மாதம் ஆகும் செலவை வாடகையோடு கூட்டிக்கொள்ளுங்கள். அந்தப் போர் தண்ணீரின் உப்பு பழைய இரும்புக் குழாய்க்குள் படிந்து படிந்து உள்வழியை அடைத்துவிடும். சமையலறைக் குழாயையும் குளியலறைக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து விடுங்கள். ஒன்று சட்டென்று இளைத்துப் போனால் குழாயை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது.

செப்டிக் டேங்க், நிலைக்கதவு, ஜன்னல் கொக்கி எல்லாவற்றையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அவை பேச்சைத் தீர்மானிக்காது.

வீட்டுக்காரரே செய்து கொடுத்தால்

இதுதான் முதல் வழி. இதில் நமக்கு நேரம் போகும், வேறொன்றும் போகாது. தளத்தில் வேலை செய்ய முழு வீடும் காலியாக இருக்க வேண்டும். சாமான் ஏற்றிய பிறகு ஒயரிங் மாற்றச் சுவரைக் கொத்துவது என்றால் வீடே புழுதிக்காடு. அப்புறம், காலி வீட்டின் வீட்டுக்காரருக்கு மாதம் போகப் போக வாடகை நஷ்டம். நாம் குடியேறிவிட்டால் அந்த அவசரம் அவருக்கு இல்லை. "செய்யலாம், பார்க்கலாம், மழை முடியட்டும்" என்று நாள் ஓடும்.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் பற்றிய தமிழ்நாட்டுச் சட்டம் 2017இல் வந்தது, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. கட்டடத்தின் அடிப்படை ரிப்பேர், சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயிண்ட், தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது, ஒயரிங் ஆகியவற்றை வீட்டுக்காரர் கணக்கிலும், குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட், வாஷ் பேசின், தாழ்ப்பாள், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு போன்றவற்றைக் குடியிருப்பவர் கணக்கிலும் அது பிரித்து வைத்திருக்கிறது. இந்தப் பட்டியல் தெரிந்திருந்தால் பேரத்தில் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது தானாகத் தெளிவாகும். அதற்காக முதல் பேச்சிலேயே சட்டத்தை எடுத்து நீட்டினால் காரியம் கெடும். நம் ஊரில் வீட்டு வாடகையை நம்பியே மருந்து மாத்திரை வாங்குகிற பெரியவர்கள் எத்தனையோ பேர். அவர்களை எதிரியாக நிறுத்திப் பேசுவது முறையும் இல்லை, பலனும் இல்லை.

குமாரசாமிப்பேட்டை வீட்டுக்காரம்மா எழுபதைத் தொட்டவர். சுவரில் பென்சில் கோட்டைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"ஏம்மா, இதுக்கு முன்னாடி இருந்தவங்க ஒரு வார்த்தை சொன்னதில்லை. நீங்க வந்ததும் சுவரைத் தட்டிட்டு நிக்கிறீங்க?"

"அம்மா, உங்க வீட்டைக் குறை சொல்லலைங்க. வீடு எங்களுக்குப் பிடிச்சிருக்கு, அதனாலதான் இவ்வளவு பார்க்கறோம். சின்னக் குழந்தை இருக்குது, இந்தச் சுவரோரம்தான் படுக்க வைக்கணும். குளியலறைக் குழாய் உள்ளுக்குள்ள கசியுது போல. அதை மட்டும் ஒருத்தரைக் கூப்பிட்டுப் பார்த்துடலாங்களா?"

"இப்பத்தான் பெயிண்டுக்கு அவ்வளவு செலவு பண்ணியிருக்கேன்..."

"தெரியுதுங்கம்மா. இப்ப உள்ள கசியறதை நிறுத்தலைன்னா அந்தப் பெயிண்டும் ஒரு மழைக்குக் கூடத் தாங்காதே."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவரை அசைத்தது. வீட்டுக்காரருடைய பணத்தைக் காப்பாற்றுகிற பேச்சாக அது இருந்தது. பேரத்தில் இதை எப்போதும் மனதில் வையுங்கள்: பட்டியலை நீட்டிப் பயமுறுத்தாமல், எந்த வேலையைச் செய்யாவிட்டால் அவருடைய கட்டடம் கெடும் என்பதை முன்னால் வையுங்கள். கசிவு, தளம், ஒயரிங் மூன்றும் அந்த வகை. ஜன்னல் வலை அந்த வகையில் சேராது.

இந்த வழியில் ஓர் ஆபத்து உண்டு. வேலை முடிந்தது என்று சொல்லி மேலே சாயம் பூசிக் காட்டிவிடுவார்கள். ஈரமான தளத்தின் மேல் வாட்டர் ப்ரூஃபிங் அடித்தால் சில மாதங்களில் தோல் உரிகிற மாதிரி உரிந்து வரும். ஓதச் சுவரில் பெயர்ந்த பூச்சைக் கொத்தி எடுத்து, காயவிட்டு, பிறகுதான் பூச வேண்டும். வேலை நடக்கும்போது ஒரு முறை போய்ப் பார்த்து, கொத்திய நிலையில் போட்டோ எடுத்து வையுங்கள். சிமெண்ட் தளமாக இருந்தால், வேலை முடிந்து நன்றாகக் காய்ந்த பிறகு மாடித் தண்ணீர்க் குழாயை அடைத்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டி நிற்க வைத்துப் பார்க்கலாம். மெட்ராஸ் டெரஸில் இந்தச் சோதனை கூடாது, பழைய மரச் சட்டம் அந்தப் பாரத்தைத் தாங்கும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

நாமே செய்து கழித்துக்கொண்டால்

வீட்டுக்காரர் வெளியூரில் இருக்கிறார், அல்லது கையில் இப்போது பணம் இல்லை என்கிறார். அப்போது இரண்டாவது வழி வருகிறது. நம் ஆளை வைத்து நம் கண் முன்னே வேலை நடக்கும் என்பது இதில் உள்ள பெரிய லாபம். ஆனால் பணம் முதலில் நம் கையிலிருந்து போகிறது, அது திரும்பி வரும் விதத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது.

"செலவு பண்ணிக்குங்க, அட்வான்ஸோட சேர்த்து எழுதிக்கலாம்" என்று பலர் சொல்வார்கள். காதுக்கு நன்றாக இருக்கும். அட்வான்ஸில் சேர்த்தால் அந்தப் பணம் காலி செய்கிற அன்றைக்குத்தான் கைக்கு வரும். அதுவும் அன்றைக்கு அவரிடம் பணம் இருந்தால். இப்போதே பணம் இல்லை என்று சொல்கிறவரிடம் இரண்டு வருடம் கழித்து இன்னும் பெரிய தொகையை எதிர்பார்ப்பது எப்படி? மாத வாடகையில் கழிப்பதுதான் பாதுகாப்பு. ஒரு பேச்சுக்கு, வாடகை 8,000 ரூபாய், வேலைக்கு ஆனது 16,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 4,000 வீதம் நான்கு மாதத்தில் கணக்கு நேராகிவிடும். அந்த நான்கு மாதமும் வாடகை ரசீதில் 'வாடகை 8,000, ரிப்பேர் செலவில் கழித்தது 4,000, பெற்றது 4,000' என்று தெளிவாக எழுதி வாங்குங்கள். வெறுமனே 4,000 என்று இருந்தால் நாளைக்கு அதுவே வாடகைப் பாக்கி என்று திரும்பும்.

குடியிருக்கும்போது புதிதாக வருகிற ரிப்பேருக்கும் இந்த உரிமை உண்டு. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, வீட்டுக்காரர் செய்ய வேண்டிய ரிப்பேரை அவரிடம் தெரிவித்து, நியாயமான அவகாசம் கொடுத்தும் அவர் செய்யாவிட்டால், குடியிருப்பவரே செய்து வாடகையில் கழிக்கலாம் என்கிறது. இதில் தெரிவிப்பது என்பதுதான் உயிர். வாட்ஸ்அப்பில் போட்டோவோடு ஒரு செய்தி, பதில் இல்லாவிட்டால் ஒரு ஸ்பீட் போஸ்ட். தெரிவிக்காமல் செய்துவிட்டுக் கழித்தால் சண்டைதான் மிஞ்சும்.

நடுவழி ஒன்றும் ஊரில் நடக்கிறது: பொருள் வீட்டுக்காரர் வாங்கித் தருவார், கூலி நம்முடையது. சின்ன வேலைகளுக்கு இது நன்றாக ஒத்துவரும். கழித்தல் கணக்கு இல்லை, மனக்கசப்பும் இல்லை. பைப் மாற்றுவது, சமையல் மேடைக்கு டைல்ஸ் ஒட்டுவது மாதிரி ஒரு நாள் இரண்டு நாள் வேலைக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். தளத்துக்கு இதை ஒப்புக்கொள்ளாதீர்கள். தள வேலையில் கூலியே பெரும் பங்கு, அந்தக் கட்டடமும் நம்முடையதல்ல.

வாடகையைக் குறைத்து வாங்கினால்

இந்த வழியை ஏன் ஒதுக்குகிறேன் என்றால், மாதம் 1,000 ரூபாய் குறைத்தார் என்றாலும் பதினோரு மாத ஒப்பந்தத்துக்கு 11,000 ரூபாய்தான் மிச்சம். ஓதச் சுவரை ஒட்டி வைத்த பீரோவில் பட்டுப்புடவையும் பத்திரங்களும் பூஞ்சை பிடித்தால், குழந்தைக்கு இழுப்பு வந்து ஆஸ்பத்திரிக்கு அலைந்தால், அந்த மிச்சம் எங்கே போகும் என்று யோசியுங்கள். அதோடு போவதில்லை. குறைந்த வாடகைக்கு ஒப்புக்கொண்ட பிறகு "அதுக்குத்தானே குறைச்சேன்" என்ற ஒரே வார்த்தையில் பிற்பாடு வருகிற எல்லாக் கோளாறும் நம் தலையில் விழும். அடுத்த வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது வாடகை பழைய இடத்துக்கு ஏறிவிடும், ஒழுக்கல் அப்படியே இருக்கும்.

இது சரியாக வருகிற இடம் ஒன்று உண்டு. ஓசூரில் கம்பெனி வேலைக்கு வந்து ஒரு வருடம் தங்கப்போகிற இளைஞர்கள், வெள்ளையடிக்காத சுவரும் பழைய மொசைக் தரையும் தங்களுக்குப் பொருட்டில்லை என்றால் தாராளமாகக் குறைத்து வாங்கலாம். பார்க்க அழகில்லாத குறைக்கு வாடகைக் குறைப்பு நியாயமான பேரம். அங்கேயும் எர்த் இல்லாத வீட்டை மட்டும் தொடாதீர்கள்.

மாத வாடகை இல்லாமல் மொத்தமாகப் பெரிய தொகை கொடுத்துப் போக்கியத்துக்கு எடுக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். ரிப்பேர் உள்ள வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம். கழிக்க மாத வாடகை என்று ஒன்று இல்லாதபோது வீட்டுக்காரரை வேலை செய்ய வைக்க நம் கையில் எதுவும் இருக்காது.

எப்போது பேசுவது, எப்படி எழுதுவது

நம் ஊரில் ஆடியில் யாரும் பால் காய்ச்சிக் குடிபோக மாட்டார்கள், மார்கழியிலும் அப்படித்தான். ஆனி பிற்பாதியில் ஒரு வீடு காலியாக இருந்தால் ஆடி முழுக்கப் பூட்டிக் கிடக்கும் என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும். அப்போது பேசினால் அவர் இறங்கி வருவார். ஆனியில் டோக்கன் கொடுத்து, ஆடியில் வேலையை முடிக்கச் சொல்லி, ஆவணியில் குடிபோவது நம் பக்கத்துக்கு அருமையான ஏற்பாடு. இங்கே பெருமழை பெரும்பாலும் ஆவணிக்குப் பிறகுதான் வலுக்கும் என்பதால் தளமும் காய நேரம் கிடைக்கும். பள்ளி திறக்கிற ஜூன் தொடக்கத்தில் இதே பேச்சு எடுபடாது. அப்போது ஒரு வீட்டுக்குப் பத்துப் பேர் நிற்பார்கள்.

அட்வான்ஸ் பற்றிச் சட்டம் பேசுவது மூன்று மாத வாடகை அளவு. ஊரில் கேட்பது அதைவிட அதிகம், ஓசூரில் பெங்களூருப் பழக்கம் ஒட்டிக்கொண்டு பத்து மாதம் வரை கேட்கிறார்கள். எவ்வளவு ஆனாலும் முழுத் தொகையையும் சாவி வாங்குமுன் கொடுக்காதீர்கள். சிறு தொகையை டோக்கனாகக் கொடுத்து, 'குறிப்பிட்ட வேலைகள் இந்தத் தேதிக்குள் முடியாவிட்டால் இந்தத் தொகை முழுவதும் திருப்பித் தரப்படும்' என்று ஒரு தாளில் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். மீதியை வேலை முடிந்ததைப் பார்த்த பிறகு கொடுக்கலாம். இந்த ஒரு காரியம் மற்ற எல்லாப் பேச்சுவார்த்தையையும்விட வலுவானது.

ஒப்பந்தத்தில் 'வீட்டைத் தேவையான அளவு ரிப்பேர் செய்து தருவார்' என்று எழுதினால் அது யாரையும் கட்டாது. "குளியலறைச் சுவருக்குள் செல்லும் இரும்புக் குழாயை அகற்றிப் புதுக் குழாய் பதித்தல், படுக்கையறையின் கிழக்குச் சுவரில் பெயர்ந்த பூச்சைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசுதல், புது எர்த் அமைத்து மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பு பிரேக்கர் பொருத்துதல் ஆகிய வேலைகளை உரிமையாளர் தமது செலவில் ஆவணி முதல் தேதிக்குள் முடித்துத் தருவார். அதுவரை வாடகை கணக்கில் வராது" என்று வேலையின் பெயரையும் இடத்தையும் தேதியையும் போட்டு எழுதுங்கள். ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வீட்டில் வைத்துக்கொண்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். 2017 சட்டப்படி வாடகை ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் அந்தப் பொறுப்பில் இருப்பார். பிற்பாடு தகராறு வந்தால் அங்கே போய் நிற்க இந்தப் பதிவுதான் கைகொடுக்கும்.

இதெல்லாம் பேசிய பிறகும் சில வீடுகளை விட்டுவிடத்தான் வேண்டும். மரச் சட்டம் உளுத்த மெட்ராஸ் டெரஸ், கம்பி வெளியே தெரிகிற தளம், குடியிருப்பவர்கள் மாறி மாறிக் காலி செய்துகொண்டே இருக்கிற வீடு. கூடவே, ரிப்பேர் என்ற பேச்சை எடுத்ததுமே "இஷ்டம்னா வாங்க, இல்லைன்னா ஆள் இருக்கு" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்கிற வீட்டுக்காரர். காலி வீட்டுக்கே இப்படிப் பேசுகிறவர், அட்வான்ஸ் கையில் வந்த பிறகு போனை எடுப்பாரா? வயதானவர்களும் கைக்குழந்தையும் உள்ள குடும்பம் என்றால் இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் அடுத்த வீட்டைப் பாருங்கள். அலைச்சல் இன்னும் ஒரு மாதம் நீளும், அவ்வளவுதான்.

குமாரசாமிப்பேட்டையில் அந்த அம்மா குழாயையும் சுவரையும் தன் செலவில் முடித்துக் கொடுத்தார். எர்த் வேலைக்கு மட்டும் கையில் இல்லை என்றார். அதைத் தங்கையின் கணவர் ஆடியிலேயே தன் பணத்தில் செய்து, ஆவணி, புரட்டாசி வாடகையில் பாதிப் பாதியாகக் கழித்துக்கொண்டார். ஜன்னல் வலை, சமையலறைக் குழாய், இரண்டு தாழ்ப்பாள் ஆகியவற்றைக் கேட்கவே இல்லை, அவர்களே மாட்டிக்கொண்டார்கள். வாடகையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கச் சொல்லவில்லை.